பதினான்கு நாள் விருந்தாளி

அந்தச் செவ்வாய்க்கிழமை வேனில் இருந்தவர்கள்: ஓட்டும் இருக்கையில் ஒன்பதாம் மாடி மிஸ்டர் பர்னெல், முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போதும் வழியில் பேருந்து நிறுத்தம் வந்தால் காரணமில்லாமல் வேகத்தைக் குறைப்பவர். அவருக்குப் பின்னால் மூன்றாம் மாடி மிஸ் ஒலீட்டா, எழுபத்தெட்டு வயது, தலையில் குளியல் தொப்பி, அதன்மேல் மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை, அதன்மேல் கம்பளிக் குல்லா. ஐந்தாம் மாடி ஷரெல், இரண்டு பிள்ளைகளும் பள்ளியில் இருக்கும் அந்த மதியத்துக்காகவே வாரம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருப்பவள். சன்னலோரம் வேறு வேறு மாடிகளிலிருந்து நான்கு பெண்கள். மரென், குடியிருப்பின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், இருபத்தாறு வயது வெள்ளைக்காரப் பெண், மடியில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு தாள். ஏழாம் மாடி வெர்டெல் டாலிவர். அவளுக்கு அடுத்து, ஒன்றரை இருக்கையை அடைத்துக்கொண்டு, எந்த மாடியையும் சேராத அவள் தம்பி தியோடிஸ்.

பிப்ரவரி மாதம். ஏரியின் மேலிருந்து கிளம்பிய பனிமூட்டம் கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கம் முழுவதையும் நனைந்த பஞ்சு மாதிரி மூடியிருந்தது. வேனின் கண்ணாடிக்கு வெளியே தெருவிளக்குகள் மதியத்திலேயே எரிந்தன. வெர்டெல் விடிகாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நுழைந்து, ஒரு மணிக்கு வெளியே வந்தவள். எட்டு மணி நேரம் ஆவிக்குள் நின்று விரிப்பு மடித்த உடம்பு உட்கார்ந்த உடனே தூக்கத்துக்குள் சரியும். வேன் நகர்கிறதா, மூட்டம் நகர்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் முயலவும் இல்லை.

கல்லூரியிடம் குளம் இருந்தது, செவ்வாய் மதியம் அது காலியாகக் கிடந்தது. ஒரு நீச்சல் சங்கத்திடம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. ஹார்ட்வெல் டெரஸில் நூற்றுப்பத்து வீடுகள் இருந்தன, குறைந்த வாடகை, நிறையப் பேருக்கு நீச்சல் தெரியாது. மூன்று தரப்பும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டன. அதற்குக் கூட்டு முயற்சி என்று பெயர். முந்தின வருடம் இப்படித்தான் யோகா வந்தது, அதற்கு முன்னால் மண்பாண்டம். வந்தவை எல்லாம் போய்விட்டன. நீச்சல் மட்டும் ஏழு வாரமாக நிலைத்து நிற்கிறது. காரணம் மிஸ் ஒலீட்டா. அவள் பிறந்த அலபாமா ஊரில் கறுப்புப் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள் என்று குளத்தையே சிமென்ட் ஊற்றி மூடினார்களாம். "நான் மெதக்காம சாகப்போறதில்ல" என்று அவள் லிஃப்டில் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவளுக்குப் பயந்தே பாதிப் பேர் வந்தார்கள்.

மரென் தாளைச் சுற்றுக்கு விட்டாள். பெயர், வீட்டு எண்.

இந்தத் தாள் விஷயத்தில் ஹார்ட்வெல் டெரஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடகை ஒப்பந்தத்தைத் தவிர வேறு எந்தத் தாளிலும் யாரும் சொந்தப் பெயரை எழுதமாட்டார்கள். பல வருடங்களுக்கு முன் நன்றிநாள் விருந்துக்கு வான்கோழி இலவசம் என்று யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். எழுதியவர்களுக்கு வான்கோழி வந்தது. பின்னாலேயே அலுவலகத்திலிருந்து, உங்கள் வீட்டில் இரண்டு பேர் என்றுதானே பதிவு, நான்கு வான்கோழி எதற்கு என்று கடிதமும் வந்தது. அதிலிருந்து மிஸ் ஒலீட்டா செத்துப்போன கணவன் கிளைடின் பெயரை எழுதுவாள். மிஸ்டர் பர்னெல் தன் பழைய மேலதிகாரியின் பெயர். ஷரெல் ஆறாம் வகுப்பில் தன்னை அடித்தவளின் பெயர். மரென் அனுப்பும் மாத அறிக்கைகளில் கிளைடு என்றொரு மனிதர் ஒரு வாரம் தவறாமல் நீந்திக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் வந்த தாள் மட்டும் வேறு மாதிரி. குளத்துக்காரர்களின் காப்பீட்டுத் தாள். விபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரி. வழக்கம்போல எல்லோரும் மற்றவர் பெயரை எழுதினார்கள். தியோடிஸ் பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு எழுதினான். என்ன எழுதினான் என்று வெர்டெல் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் அக்டோபரில் வந்தவன். லொரெய்ன் ஊரில் அவன் வேலை பார்த்த வார்ப்பட ஆலை மூடியது, அதற்குப் பிறகு வாடகை நின்றது, அதற்குப் பிறகு வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய் வெளியேற்றினார். ஒரு துணிப்பையும் இரும்புப் பொரிசட்டியும் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினான். "ரெண்டு வாரம் அக்கா." ஒரே படுக்கையறை வீடு. சோஃபாவில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியில் தொங்கும். குறட்டை சுவரைத் தாண்டி வரும். ஆனால் அவள் வேலை முடிந்து வரும்போது அடுப்பில் கீரை பன்றிக்காலோடு வெந்துகொண்டிருக்கும், சோளரொட்டி சூடாக இருக்கும். அவன் எப்போது போவான் என்று அவள் தினமும் நினைத்தாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் நினைத்தாள்.

குளத்துக்கு உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணாடிக் கூரைக்கு மேலே பனி. கூரையிலிருந்து இறங்கும் வெளுத்த வெளிச்சமும் தண்ணீரிலிருந்து ஏறும் ஆவியும் நடுவில் எங்கோ கலந்துவிட, எதிர்க்கரை தெரியவில்லை. பேச்செல்லாம் தூரத்து அறையிலிருந்து வருவது மாதிரி வந்தது. வெர்டெல் எப்போதும்போல ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு வாரமாக அவள் அதை விட்டதில்லை.

தியோடிஸ் மட்டும் மல்லாந்து மிதந்தான். நூற்றுமுப்பது கிலோ உடம்பு. முதல் நாளே மிதந்துவிட்டான். பயிற்சிக்காரப் பெண் தலைக்கு அடியில் கையைக் கொடுத்து, பிறகு கையை எடுத்தது அவனுக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, ஆலையிலும் கோர்ட்டிலும் சோஃபாவிலும் நிம்மதியாகக் கால் நீட்டாத ஆள் அங்கே முழுசாக நீட்டிக் கிடந்தான். அன்று சிரித்தவர்கள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். மரென் அன்றைக்கே ஒரு படம் எடுத்திருந்தாள்.

அந்தப் படம்தான் வினை.

புதன்கிழமை வேலை முடிந்து வந்த வெர்டெலை மேலாளர் மிஸ் கில்யார்ட் அலுவலகத்துக்குள் கூப்பிட்டாள். கில்யார்டும் இதே தெருக்களில் வளர்ந்த கறுப்புப் பெண்தான். ஞாயிற்றுக்கிழமை தொப்பி அணிந்து தேவாலயத்துக்குப் போவாள், திங்கட்கிழமை கடிதம் அனுப்புவாள்.

"உக்காருங்க வெர்டெல்."

"நின்னுக்கறேன். கால மடக்குனா நிமிராது."

கில்யார்ட் கல்லூரியின் செய்திமடலை மேசையில் திருப்பி வைத்தாள். முதல் பக்கத்தில் தியோடிஸ் மிதந்தான். கீழே எழுத்து: ஹார்ட்வெல் டெரஸ் 7F-இல் வசிக்கும் தியோடிஸ் டாலிவர், தன் நாற்பத்தொன்பதாம் வயதில் முதன்முறையாக.

"நவம்பர்லேருந்து எனக்குத் தெரியும்," என்றாள் கில்யார்ட். "எனக்கு லிஃப்ட் கதவப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. யார் வீட்டுக்கு வந்தீங்கன்னு நான் ஒருநாளும் கேக்கல. கேட்டா பதில் வரும். பதில் வந்தா எழுதணும்."

"அப்ப இப்பவும் கேக்காதீங்க."

"நான் கேக்கலம்மா. அச்சடிச்சுட்டாங்க. நேத்து மாநில அலுவலகத்துலேருந்து வந்தவங்க முன்னாடி இத எடுத்து வாசிச்சாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். தட்டிக்கிட்டிருக்கும்போதே ஒரு ஆளு கேக்கறாரு, 7F ஒத்த ஆள் வீடுதானேன்னு."

கடிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஒப்பந்தத்தில் இல்லாத ஆள் பத்து நாளுக்குள் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. விருந்தாளி என்றால் ஒரு வீட்டுக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள். தியோடிஸின் பெயர் இந்தக் கட்டடத்துக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது, முறை வர இன்னும் ஆறு மாதமாவது ஆகும். அவனை 7F-இல் சேர்க்கவும் வழியில்லை, ஒரு படுக்கையறை வீட்டில் வயது வந்த இரண்டு பேர் வேண்டுமென்றால் வேறு விண்ணப்பம், வேறு பட்டியல்.

"ஆறு வருஷம் காத்திருந்து வாங்குன வீடு மிஸ் கில்யார்ட்."

"தெரியும். வீடு கொடுத்த அந்தக் கடிதத்துலயும் என் கையெழுத்துதான்."

லிஃப்டில் ஏறியபோது மரென் ஓடிவந்தாள். அழுதிருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. "வெர்டெல், எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. காப்பீட்டுத் தாள்ல அவரு பேரும் வீடும் இருந்துச்சு, அதான் அப்படியே கொடுத்தேன். நல்ல விஷயம்னு நெனச்சேன்."

"நல்ல விஷயந்தான்," என்றாள் வெர்டெல். "அழாத. எனக்கு அதப் பாக்கத் தெம்பில்ல." லிஃப்ட் கதவு மூடியது.

தியோடிஸ் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். இரும்புச்சட்டியில் கோழித்தொடைகள் மாவுக்குழம்புக்குள் மெல்லக் கொதித்தன. சன்னல் முழுக்க ஆவி படிந்து வெளியில் ஏரி இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் கரண்டியோடு நின்றபடியே படித்தான். படித்துவிட்டு நெருப்பைக் குறைத்தான்.

"உன் பேர எதுக்குடா எழுதுன?"

"செத்துட்டா?"

"என்ன செத்துட்டா?"

"அந்தத் தாள்ல என்ன போட்டிருந்துச்சு? விபத்துன்னா யாருக்குச் சொல்லணும்னு போட்டிருந்துச்சு. குளத்துல அந்தக் கோடி பன்னெண்டடி ஆழம். நான் பாட்டுக்கு எவன் பேரயோ எழுதி வெச்சுட்டு உள்ள போயிட்டா, அவன் பேரப் போட்டுல்ல பொதைப்பாங்க. மிஸ் ஒலீட்டா கிளைடுன்னு எழுதுறாங்க. அந்த மனுஷன் ஏற்கெனவே ஒருக்கா பொதஞ்சவரு. அவருக்கு ஒண்ணுமில்ல."

"பொதச்ச பொறவு உனக்கென்ன தெரியவா போவுது?"

"ஒனக்குத் தெரியும்ல. நீ வந்து தேடுவ. தியோடிஸ் டாலிவர்னு கேப்ப. அப்படி யாரும் வரலம்மான்னு சொல்லுவாங்க. நீ அங்க சண்ட போடுவ."

அவள் கோட்டைக் கழற்றினாள். தேடுவாளா என்று யோசித்துப் பார்த்தாள். சண்டை போடுவாள், அது நிச்சயம்.

"நான் வீட்ட விடமாட்டேன் தியோ."

"விடுன்னு நான் சொல்லலியே."

"சொல்லிட்டேன். உன்னையா வீட்டையான்னா வீடுதான். பின்னால நான் மனசு மாறுனேன், மாறலன்னு பேச்சு வரக்கூடாது."

"நானா இருந்தாலும் வீடுதான்னு சொல்லுவேன்," என்றான் அவன். "சாப்பிடு. ஆறிடும். ஒம்பது நாள் இருக்கு."

"எங்க போவ?"

"வீடில்லாதவங்க தங்குற நகரத்து விடுதியில எடம் கேட்டுப் பாக்கறேன். வேன் ஒண்ணு கெடைச்சா அதுல படுத்துக்குவேன்."

"இந்தக் குளிர்லயா?"

"மார்ச் வந்துருச்சுன்னு வெச்சுக்க."

அவர்கள் சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருந்தது. வெர்டெல் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள், துக்கத்தில் பசிக்காத ஆள் அவள் இல்லை. அந்த வாரம் முழுக்க சலவைக்கூடத்தில் ஆவிக்கு நடுவே விரிப்புகள் உருளைகளிலிருந்து வெளியே வர வர, அவள் ஓரம் பிடித்து மடித்து அடுக்கினாள். ஒவ்வொரு விரிப்பும் யாரோ படுத்து எழுந்த இடம், அல்லது எழாத இடம். படுக்க ஒரு விரிப்பு அளவு இடம்தான் ஒரு மனிதனுக்கு வேண்டியிருக்கிறது என்று நினைத்தாள். அதில் பெரிதாகத் தத்துவம் ஒன்றும் இல்லை என்று மறுநிமிடமே தோன்றியது. அவனுக்கு ஒன்றரை விரிப்பு வேண்டும்.

அடுத்த செவ்வாய் தியோடிஸ் வேனுக்கு வரவில்லை. விடுதி வரிசையில் நிற்கப் போயிருந்தான். அவன் இருக்கையில் யாரும் உட்காரவில்லை. சேதி கட்டடம் முழுக்கத் தெரிந்திருந்தது, செய்திமடல் லிஃப்டுக்குள்ளேயே ஒட்டியிருந்ததே.

எல்லோரும் குளத்தில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்ற பிறகுதான் மிஸ் ஒலீட்டா வாயைத் திறந்தாள். அவள் மல்லாந்திருந்தாள். இப்போதெல்லாம் அவளால் பத்து எண்ணும்வரை மிதக்க முடிந்தது. காது தண்ணீருக்குள் இருந்ததால் ஊரே கேட்கும்படி கத்தினாள்.

"வெர்டெல். எத்தன நாள்னு சொன்னா அந்தப் பொம்பள?"

"பத்து நாளுங்க. ஆறு போச்சு, நாலு இருக்கு."

"அது இல்ல. விருந்தாளிக்கு எத்தன நாள்?"

"வருஷத்துக்குப் பதினாலு."

"யாருக்குப் பதினாலு? கட்டடத்துக்கா?"

"வீட்டுக்கு."

மிஸ் ஒலீட்டா எழுந்து நின்றாள். பிளாஸ்டிக் பையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "எனக்கு விருந்தாளி வந்து ஒம்பது வருஷமாச்சு. எம்பொண்ணு அட்லாண்டாவுல இருக்கா, வர்றேன் வர்றேன்னு போன்லயே வருவா. என் பதினாலு நாளு சும்மா கெடந்து வீணாப் போவுது."

கூரையில் பனி சறுக்கியது.

"எனக்கும் யாரும் வர்றதில்ல," என்றார் மிஸ்டர் பர்னெல். "ஆனா குறட்ட விடுவான்னு கேள்வி."

"ஒங்களுக்குத்தான் காது கேக்காதே மிஸ்டர் பர்னெல்," என்றாள் ஷரெல்.

"கேக்குற காது ஒண்ணு இருக்கு. சரி, அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கறேன்."

"எங்க வீட்டுல பிள்ளைங்க அவரு மேல ஏறி மிதிக்கும்," என்றாள் ஷரெல். "பரவாயில்லன்னா வரட்டும். அந்தச் சோளரொட்டி செய்வாருல்ல?"

மற்ற நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி, என் புருஷன் கிட்டக் கேட்கணும் என்றாள். பிறகு, கேட்க வேண்டாம், சொல்லிக்கறேன் என்றாள். ஷரெல் ஈர விரலால் குளத்து ஓரத்துச் சிமென்டில் பெருக்கல் போட்டாள். ஏழு வீடு, ஏழு பதினாலு. எழுத எழுத எண்கள் காய்ந்து மறைந்தன.

"தொண்ணூத்தெட்டு," என்றாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் மரெனின் ஞாபகம் வந்தது. அவள் கொஞ்சம் தள்ளி, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் தண்ணிக்குள்ள இருக்கேன்," என்றாள் மரென். "எனக்கு ஒண்ணும் கேக்கல." சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூச்சு பிடிக்கத் தெரியும் என்று அன்றுதான் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

வெர்டெல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய்க்குள் குளோரின் கசந்தது. ஐந்து மாதமாக அவள் முணுமுணுத்துச் சுமந்ததை இவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பங்கு போட்டுவிட்டார்கள். சந்தோஷமும் எரிச்சலும் கலந்து வந்தது, எது முன்னால் வந்தது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"அவன் காலையில பாட்டுப் பாடுவான்," என்றாள் கடைசியில். "நல்லாருக்காது. முன்னாடியே சொல்லிட்டேன்."

கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள். தண்ணீர் அவளை என்ன செய்வதென்று தெரியாததுபோலக் கொஞ்சம் ஆட்டியது. நாலு எண்ணும்வரை அவள் கால்கள் தரையில் இல்லை. பிறகு இருமிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் முதலில் யார் வீடு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தம்பியும் அக்காவும் அலுவலகத்தில் நின்றார்கள். வெளியேறினார் என்ற தாளில் வெர்டெல் கையெழுத்துப் போட்டாள்.

"எங்க போறீங்க மிஸ்டர் டாலிவர்?" என்றாள் கில்யார்ட். கேட்டபிறகு கேட்டிருக்க வேண்டாமோ என்பதுபோல வாயை மூடிக்கொண்டாள்.

"விருந்துக்கு," என்றான் தியோடிஸ். "3B-க்கு. மிஸ் ஒலீட்டா கூப்பிட்டிருக்காங்க."

கில்யார்ட் அவனைப் பார்த்தாள். பிறகு வெர்டெலைப் பார்த்தாள். விதிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தாள், விரலை வைத்து மறுபடியும் படித்தாள். வெளியே தெருவில் பனி அள்ளும் வண்டி ஒன்று மெல்ல உரசிக்கொண்டு போனது.

"பதினாலு நாள்," என்றாள். "எந்தத் தேதி வர்றாரு, எந்தத் தேதி போறாருன்னு பதிவேட்டுல இருக்கணும். ஒரு நாள் கூடுனாலும் நான் எழுதுவேன்."

"அதுக்குப் பொறவு 5D," என்றான் தியோடிஸ்.

"அத இப்பச் சொல்லாதீங்க," என்றாள் கில்யார்ட், பேனாவைத் தேடிக்கொண்டே. "அத அன்னிக்குச் சொல்லுங்க. ஜூன்ல முடிஞ்சுரும், தெரியும்ல? பட்டியல் ஆகஸ்டுக்கு முன்ன வராது."

"ஜூன்ல குளிராது," என்றான் அவன்.

சாயங்காலம் அவன் பையைக் கட்டினான். சோஃபாவின் மேலிருந்த கம்பளியை மடித்தான். வெர்டெல் அதைப் பார்த்தாள், வாங்கி உதறி, மூலையோடு மூலை சேர்த்து மறுபடி மடித்தாள். சோஃபாவின் நடுவில் அவன் அளவுக்கு ஒரு குழி இருந்தது. அது மேலே எழும்புமா என்று கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"சட்டிய எடுத்துக்கவா?"

"எடுத்துக்க. ஒன்னோடதுதானே."

"நீ என்னத்துல சமைப்ப?"

"நீ வர்றதுக்கு முன்னாடி நான் பட்டினியா கெடந்தேன்?"

"ரொட்டித் துண்டுல வெண்ணெய் தடவி நின்னுக்கிட்டே தின்ன. நான் பாத்தேன்." அவன் சட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். சாவியைக் கழற்றி மேசையில் வைத்தான். "அந்தம்மா டிவிய அலற விடுவாங்களாம். ராத்திரி முழுக்கவாம்."

"ஒங் குறட்டைக்குச் சரியாப் போயிரும்."

இருவரும் கதவருகே வந்தார்கள். நடைபாதையில் யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் வாசனை. அவன் லிஃப்ட் பொத்தானை அழுத்தினான். வெர்டெல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழம சாப்பிட வா."

"வந்தா அதுவும் ஒன் கணக்குல ஏறிடுமா?"

"ராத்திரி தங்குனாத்தான் ஏறும். சாப்பிட்டுட்டு எறங்கிடு."

"சரி."

"மிஸ் ஒலீட்டாவுக்கு உப்பு ஆகாது. பாத்துப் போடு."

"சரி."

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. லிஃப்ட் வரவில்லை. எங்கோ கீழே நின்று யாருக்காகவோ கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவன் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாத்திக்க அக்கா," என்றான் திரும்பாமல். "சூடு வெளிய போவுது."

அவள் கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம் அவன் இன்னும் நிற்கிறான் என்று தெரியும். அவனுக்குக் கேட்காதபடி பூட்டை மெல்ல, மெல்லத் திருப்பினாள். ஆனால் அந்தக் கட்டடத்துப் பூட்டுகள் சத்தமில்லாமல் பூட்டிக்கொள்வதில்லை.